கிளி காட்டிய தீவு

மூன்றாம் ஆண்டு, இளங்கலை புவியியல்

சென்ற ஆண்டு எங்கள் நாட்டு நலப்பணித் திட்டச் சிறப்பு முகாம், கல்லூரியிலிருந்து 22 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஒரு சிற்றூரில் ஏழு நாள் நடைபெற்றது. காலையில் ஏரிக்கரையைச் சீரமைக்கும் பணி. மாலையில் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளிக் குழந்தைகளுக்கு வகுப்பு. "ஒவ்வொருவரும் தத்தம் பாடத்திலிருந்து ஏதேனும் ஒன்றைச் சொல்லுங்கள். அவர்கள் புத்தகத்தில் இருப்பது வேண்டாம், அதை அவர்களுடைய ஆசிரியர்கள் உங்களைவிட நன்றாகவே சொல்வார்கள்" என்று திட்ட அலுவலர் ஐயா கூறிவிட்டார். எனக்கு ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் முப்பத்திரண்டு பேர் வாய்த்தனர். கரிபியன் கடலிலுள்ள செயின்ட் லூசியாத் தீவைப் பற்றிச் சொல்வதென்று முடிவு செய்தேன். ஏன் அந்தத் தீவு என்றால், முந்தைய பருவத்தில் துறைக் கருத்தரங்கில் அதைப் பற்றிக் கட்டுரை படித்திருந்தேன். குறிப்பேடு கையில் இருந்தது. உண்மையில் காரணம் அவ்வளவுதான்.

அந்த நான்கு மாலைகளில் நான் கற்பித்ததைவிடக் கற்றுக்கொண்டதே மிகுதி. பின்னாளில் ஆசிரியப் பணிக்குச் செல்ல விரும்பும் நண்பர்களுக்குப் பயன்படலாம் என்பதால் அதை ஈண்டு எழுதுகிறேன்.

முதல் நாள்

கரும்பலகையில் வரிசையாக எழுதினேன். பரப்பு 616 சதுர கிலோமீட்டர். தலைநகர் காஸ்ட்ரீஸ். மக்கள்தொகை ஏறத்தாழ 1,80,000. மிக உயர்ந்த சிகரம் கிமி மலை, 950 மீட்டர். விடுதலை பெற்ற நாள் 22-2-1979. ஆட்சிமொழி ஆங்கிலம். பிள்ளைகள் பிழையில்லாமல் பார்த்து எழுதிக்கொண்டனர். நானும் நல்ல வகுப்பு நடத்திவிட்டதாகவே எண்ணினேன். அப்போது முன்வரிசைச் சிறுமி ஒருத்தி எழுந்து, "அண்ணா, இதெல்லாம் பரீட்சைக்கு வருமா?" என்று கேட்டாள்.

"வராதும்மா."

அவள் மிகுந்த மரியாதையுடன் நோட்டை மூடி வைத்தாள். மற்றவர்களும் மூடினர்.

அன்றிரவு பள்ளித் தாழ்வாரத்தில் படுத்துக்கொண்டு குறிப்பேட்டை மறுபடியும் புரட்டினேன். கருத்தரங்கில் நேரமின்மையால் இரண்டே வரியில் நான் கடந்துபோன செய்தி ஒன்று கடைசிப் பக்கத்தில் இருந்தது. குழந்தைகளுக்கு இத்தீவைப் பற்றி எப்படிச் சொல்வது என்ற என் கேள்வி, அந்தத் தீவுக்கே ஒரு காலத்தில் எழுந்த கேள்விதான். அங்கே அதற்கு விடையும் கண்டிருக்கிறார்கள்.

தீவு தன் பிள்ளைகளுக்குச் சொன்ன பாடம்

செயின்ட் லூசியாவின் மலைக்காட்டில் ஒரு கிளி உண்டு. உலகில் வேறெங்கும் அது இயற்கையாக வாழ்வதில்லை. தீவு மக்கள் அதனை 'ஜாக்கோ' என்பர். கறிக்காகச் சுட்டார்கள், வளர்ப்பதற்கும் விற்பதற்கும் பிடித்தார்கள், அது கூடு கட்டும் பெருமரங்களையும் வெட்டினார்கள். 1970களின் பிற்பகுதியில் எஞ்சியவை ஏறத்தாழ நூறு பறவைகளே.

அக்காலத்தில் தீவின் வனத்துறைக்குத் தலைவராக இருந்தவர் கேப்ரியல் சார்லஸ். கிளியைப் பற்றி ஆய்வு செய்ய இங்கிலாந்திலிருந்து மாணவராக வந்த பால் பட்லர் என்னும் இளைஞருக்கு அவர் வேலை கொடுத்தார். காட்டுக்குள் காவலரை நிறுத்துவது மட்டும் போதாது என்பதை இருவரும் உணர்ந்திருந்தனர். காட்டோரத்தில் வாழும் மக்கள் விரும்பாவிட்டால் எந்தக் காவலும் நிலைக்காது. ஆகவே பள்ளிக்கூடங்களுக்குச் சென்றனர். கிளி வேடம் பூண்டு ஆடினர், பாட்டுக் கட்டினர், பொம்மலாட்டம் நடத்தினர், சுவரொட்டி ஒட்டினர். தேவாலயங்களிலும் அதைப் பற்றிப் பேசச் செய்தனர். 1979-இல் ஜாக்கோ நாட்டின் தேசியப் பறவை ஆயிற்று. 1980-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் 'ஆலன்' என்னும் பெரும்புயல் காட்டைக் குலைத்தது. அதற்குப் பிறகும் கிளிகளின் எண்ணிக்கை மெல்ல மெல்ல ஏறியது. இன்றைய மதிப்பீடுகளின்படி அவை ஆயிரத்துக்கும் மேல்.

பாட்டும் பொம்மலாட்டமும் மட்டுமே இதைச் செய்தன என்று சொல்வது மிகையாகும். சட்டமும் காட்டு எல்லைக் காவலும் உடன் நின்றன. ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 'கிளியைக் கொல்லாதே' என்று அவர்கள் தொடங்கவில்லை; 'இது உலகில் நம்மிடம் மட்டுமே இருக்கிறது' என்று தொடங்கினர். அச்சத்தை ஊட்டாமல் பெருமிதத்தை ஊட்டினர். இம்முறையைப் பின்னர் பல நாடுகளும் எடுத்துக்கொண்டன. எனவே நானும் கிளியிலிருந்தே தொடங்குவதென்று தீர்மானித்தேன்.

இரண்டாம் நாள்: கிளியும் மரமும்

வண்ணச் சாக்பீஸ்களால் கரும்பலகையில் ஒரு கிளியை வரைந்தேன். நீல முகம், பச்சைச் சிறகு, மார்பில் சிவப்பு. "இரண்டு சாண் நீளம் இருக்கும். நம் ஊர்க் கிளிக்கு வால்தான் பாதி, இதற்கு உடம்பே பருமன்" என்றேன். பின்வரிசை வரை தலைகள் நிமிர்ந்தன.

"இது எங்கே கூடு கட்டும்?" என்று கேட்டேன். "மரப் பொந்துல" என்று பல குரல்கள் எழுந்தன. சரியான விடை. இக்கிளியால் தானே மரத்தைக் குடைய முடியாது. வயது முதிர்ந்த பெருமரத்தில் இயல்பாக விழுந்த பொந்துதான் வேண்டும். 'கொம்மியே' என்னும் மரம் அத்தகையது. இரண்டு முட்டை இடும். பெரும்பாலும் ஒரு குஞ்சே தேறும். ஆகவே ஒரு பெருமரம் விழுந்தால் ஒரு குடும்பத்தின் வீடு போய்விடுகிறது; புதிய வீடு கிடைக்கப் பல பத்தாண்டுகள் ஆகும். அதே கொம்மியே மரத்தைக் குடைந்துதான் அத்தீவின் மீனவர்கள் தலைமுறை தலைமுறையாகப் படகு செய்து வந்தனர். "அப்போ மரம் கிளிக்கா, படகுக்கா?" என்று ஒரு பையன் கேட்டான். புவியியலின் மிகப் பழைய கேள்வி அது. நான் விடை கூறவில்லை, அவர்களையே பேசவிட்டேன். பத்து நிமிடம் வகுப்பு சந்தைபோல் இருந்தது. மீனவர் மகன் பக்கம் பாதிப் பேரும், கிளி பக்கம் பாதிப் பேரும் நின்றனர்.

அதன் பிறகே தேசப்படத்தை விரித்தேன். கிரிக்கெட்டில் வரும் மேற்கிந்தியத் தீவுகள் ஒரே நாடு என்றுதான் பிள்ளைகள் நினைத்திருந்தனர். அது பல நாடுகள் சேர்ந்த ஓர் அணி என்றும், 2012, 2016 ஆகிய ஆண்டுகளில் இருபது ஓவர் உலகக் கோப்பையை வென்றபோது அதன் தலைவராக இருந்த டேரன் சமி இந்தத் தீவுக்காரர் என்றும் சொன்னதும், தீவு அவர்களுக்குப் பக்கத்து ஊராகிவிட்டது.

அடுத்து இருப்பிடம். சென்னை ஏறத்தாழ வடக்கு 13 பாகையில் உள்ளது. செயின்ட் லூசியா 14 பாகையில் உள்ளது. சென்னையிலிருந்து ஏறக்குறைய நேர் மேற்கே விரலை நகர்த்தினால், அரபிக்கடலையும் ஆப்பிரிக்காவையும் அட்லாண்டிக் பெருங்கடலையும் கடந்து அத்தீவில் போய் நிற்கும். ஒவ்வொருவராக வந்து விரலை நகர்த்திப் பார்த்தனர். "இப்போது மாலை நான்கு மணி. அங்கே இன்றைக்குக் காலை ஆறரை. உங்களைப் போன்ற பிள்ளைகள் இப்போதுதான் பாயைச் சுருட்டுகிறார்கள்" என்றேன். நேர வேறுபாடு ஒன்பதரை மணி. "எங்கள் கல்லூரியிலிருந்து உங்கள் ஊர் 22 கிலோமீட்டர். தீவின் அகலமும் 22. வந்து திரும்பிப் போனால் தீவின் நீளம்." இதற்கு மேல் பரப்பளவைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மூன்றாம் நாள்: களிமண் தீவு

ஏரி வேலையில் கிடைத்த களிமண்ணைக் கொண்டு பள்ளி முற்றத்தில் தீவைச் செய்தோம். நடுவில் முதுகெலும்புபோல் மலைத்தொடர். தென்மேற்குக் கரையில் மாட்டுக் கொம்புபோல் இரண்டு கூர்மலைகள். இவையே புகழ்பெற்ற பீட்டன் மலைகள். பெரியது 770 மீட்டர், சிறியது 743 மீட்டர். கடலிலிருந்து செங்குத்தாக எழுபவை. இப்பகுதி 2004-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. தீவு எரிமலையால் பிறந்தது என்பதற்கு அருகிலுள்ள சூஃப்ரியேர் ஊரின் கந்தக ஊற்றுகளே சான்று. அங்கே நீரும் சேறும் கொதிக்கும். அழுகிய முட்டை வாடை வீசும். பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தனர்.

பின்னர் ஒரு சோதனை. மலையின் ஒரு சரிவில் அறுகம்புல்லை மண்ணோடு பெயர்த்து வைத்தோம். மறு சரிவை வெறுமையாக விட்டோம். இரண்டின் அடியிலும் ஒவ்வொரு கிண்ணம். மேலிருந்து குடத்து நீரை மெல்ல ஊற்றினோம். புல் சரிவிலிருந்து நீர் தாமதமாக, ஏறக்குறையத் தெளிவாக இறங்கியது. வெறும் சரிவிலிருந்து சேறாகப் பாய்ந்து கிண்ணத்தை மண்ணால் நிரப்பியது.

"இதுதான் அங்கே நடந்தது" என்று கூறினேன். கிழக்கிலிருந்து வீசும் வணிகக் காற்று மலையில் மோதி மழை பொழிகிறது. நடுமலையில் ஆண்டுக்கு 3000 மில்லிமீட்டருக்கும் மேல்; வடக்கு, தெற்கு முனைகளில் அதில் ஏறத்தாழப் பாதி. அந்த மழையைப் பிடித்து ஆறுகளுக்குக் கொடுப்பது காடு. தீவின் குடிநீருக்காகக் கட்டிய ஜான் காம்ப்டன் அணை அந்த ஆறுகளையே நம்பியிருக்கிறது. 2010 அக்டோபர் இறுதியில் 'தோமாஸ்' புயல் வந்தபோது மலைச்சரிவுகள் சரிந்து உயிர்கள் பறிபோயின. அணைக்குள் மண் படிந்து அதன் கொள்ளளவு குறைந்தது. கிளியைக் காத்தவர்கள் காட்டைக் காத்தனர். காட்டைக் காத்தவர்கள் குழாயில் வரும் தண்ணீரைக் காத்தனர். முதல் நாள் தனித்தனியே எழுதிப்போட்ட மலை, மழை, ஆறு, மக்கள் என்னும் சொற்கள் ஒரே கயிற்றில் கோத்துக்கொண்டன. "எங்க ஏரியிலயும் இப்படித்தான் மண்ணு ரொம்பிருச்சு" என்று அந்தப் பரீட்சைச் சிறுமி சொன்னாள். காலை நேரத்தில் நாங்கள் செய்துகொண்டிருந்த வேலைக்கு அதைவிடச் சிறந்த விளக்கத்தை நான் கேட்டதில்லை.

என் பிழை

அந்த மகிழ்ச்சியில்தான் தவறிவிட்டேன். தீவின் 1980-ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பற்றிச் சொன்னபோது ஒருவன், "நம்ம ஊர்லயும் கிளிக்குச் சட்டம் இருக்கா?" என்று கேட்டான். "1972-லேயே சட்டம் வந்துவிட்டது. நம் காட்டுக் கிளிகளைப் பிடிப்பதும் கூண்டில் வளர்ப்பதும் குற்றம்" என்றேன். உடனே வகுப்பு முழுவதும் ஒரு பையன் பக்கம் திரும்பியது. அவன் வீட்டில் சிறகு வெட்டிய பச்சைக்கிளி ஒன்று இருந்ததாம். "போலீஸ் வரும்டா" என்று யாரோ சொன்னார்கள். அவன் தலையைத் தாழ்த்திக்கொண்டான். முந்தைய நாள் மீனவர் மகன் பக்கம் நின்று மிக உரக்கப் பேசியவன் அவன்தான்.

நான் சொன்னது பொய்யன்று. ஆயினும் அது கற்பித்தலுமன்று. பெருமிதத்திலிருந்து தொடங்க வேண்டுமென்று இரவெல்லாம் படித்துவிட்டு, ஒரு பிள்ளையை நான்கு பேர் முன்னிலையில் நாணச் செய்துவிட்டேன். மறுநாள் அவன் வகுப்புக்கு வரவில்லை.

நான்காம் நாள்: மக்களும் கீரியும்

அடுத்து மனிதர்களைப் பற்றிச் சொன்னேன். பிரான்சும் இங்கிலாந்தும் இத்தீவுக்காகப் போரிட்டன. பதினான்கு முறை இது கைமாறியது என்பர். 1814-இல் ஆங்கிலேயரிடம் நிலைத்தது. கரும்புத் தோட்டங்களில் உழைக்க ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்களே இன்று மக்களுள் பெரும்பாலோர். 1838-இல் அவர்கள் முழு விடுதலை அடைந்தனர். 1859 முதல் ஒப்பந்தக் கூலிகளாக இந்தியரும் சென்றனர். ஆட்சிமொழி ஆங்கிலமாயினும் வீட்டிலும் சந்தையிலும் ஒலிப்பது 'குவேயோல்'. பிரெஞ்சுச் சொற்களைக் கொண்டு, ஆப்பிரிக்க மொழிகளின் போக்கில், உழைத்த மக்கள் தாமே சமைத்துக்கொண்ட மொழி அது. அக்டோபரின் கடைசி ஞாயிறு அம்மொழிக்கே உரிய திருநாள்.

அந்நாளில் பெண்கள் அணியும் கட்டம் போட்ட துணியின் பெயரைக் கேட்டதும் பிள்ளைகள் நம்பவில்லை. அதன் பெயர் 'மதராஸ்'. நம் பகுதித் தறிகளில் நெய்து கப்பலேறிய பருத்தித் துணி கரிபியன் தீவுகளில் தலைப்பாகையாகவும் பாவாடையாகவும் மாறி, ஊர்ப் பெயரையே தன் பெயராக வைத்துக்கொண்டது. ஒரு பையன் எழுந்து, "எங்க தாத்தா கைலி மாதிரியா அண்ணா?" என்றான். "அதே கட்டம்தான்" என்றேன். தலைத்துணியில் எத்தனை முனை எழுப்பிக் கட்டுகிறார்கள் என்பதற்கும் மரபாக ஒரு பொருள் உண்டு. ஒரு முனையென்றால் மனம் இன்னும் யாருக்கும் உரியதன்று. இரண்டு என்றால் பேசி முடித்தாயிற்று. மூன்று என்றால் மணமாகிவிட்டது. சிறுமிகள் துண்டை எடுத்து முனை முனையாகக் கட்டிப் பார்த்தனர்.

உணவைப் பற்றிச் சொல்வதானால், தேசிய உணவு பச்சை வாழைக்காயும் உப்பிட்டு உலர்த்திய மீனும். வாழைக்காயை அவர்கள் 'அத்தி' என்ற பொருளுடைய சொல்லால் அழைப்பர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் கரும்பை விலக்கி வாழை வந்தது. பிரிட்டனுக்குக் கப்பல் கப்பலாகப் போனது. 1990களின் வணிகப் பிணக்குகளுக்குப் பின் அதுவும் மெலிந்து, இன்று சுற்றுலாவே முதன்மைத் தொழில்.

இச்சிறு தீவு இரண்டு நோபல் பரிசாளர்களைத் தந்தது. பொருளியலில் ஆர்தர் லூயிஸ், 1979. இலக்கியத்தில் டெரெக் வால்காட், 1992. இருவரும் பிறந்த நாள் ஒன்றே: ஜனவரி 23. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் ஓட்டத்தில் ஜூலியன் ஆல்ஃபிரெட் என்னும் பெண் தங்கம் வென்றார். அதுவே அந்நாட்டின் முதல் ஒலிம்பிக் பதக்கம். சிறுமிகள் கைதட்டினர்.

இறுதியாக ஒரு கீரியின் கதை. கரும்பைத் தின்னும் எலிகளை ஒழிக்க 1872-இல் நம் கல்கத்தாவிலிருந்து ஜமைக்காவுக்குக் கீரிகளைக் கொண்டு சென்றனர். அங்கிருந்து தீவு தீவாக அவை பரவின. செயின்ட் லூசியாவுக்கும் வந்து சேர்ந்தன. எலி நடமாடுவது பெரும்பாலும் இரவில். கீரி திரிவது பகலில். ஆகவே கீரி தரையில் கூடு கட்டும் பறவைகளையும் பல்லிகளையும் பாம்புகளையும் தின்றது. நஞ்சற்ற ஒரு சிறு பாம்பினம் 1936-இல் அழிந்துவிட்டதென்றே அறிவிக்கப்பட்டது. 1973-இல் கரைக்கு அப்பாலுள்ள மரியா என்னும் குட்டித் தீவில், கீரி கால் வைக்காத இடத்தில், அது மறுபடியும் தென்பட்டது. 2012-இல் வெளியான கணக்குப்படி ஆய்வாளர் கண்டவை பதினொன்று. மொத்தமே இருபதுக்குள்தான் இருக்கும் என்று மதிப்பிட்டனர். உலகின் மிக அரிய பாம்புகளுள் அது ஒன்று.

கீரி ஜெயித்தால் கைதட்டியே பழகிய பிள்ளைகள் அமைதியாகிவிட்டனர். "கீரி மேல தப்பு இல்ல. கொண்டுபோய் விட்டவங்க மேலதான் தப்பு" என்றாள் முன்வரிசைச் சிறுமி. அவள் நோட்டு அன்று மூடப்படவில்லை.

முகாமின் கடைசி நாள்

நாங்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது அந்தப் பையன் பள்ளி வாசலில் வந்து நின்றான். நான்தான் முதலில் பேசினேன். "தம்பி, அன்றைக்கு எல்லார் முன்னாலும் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. தப்பு என்மேல்தான்" என்றேன். அவன் அதைக் காதில் வாங்கிக்கொண்டதாகவே தெரியவில்லை. வேறொரு கேள்வியோடு வந்திருந்தான்.

"அண்ணா, வெட்டின றெக்கை திரும்ப வளர எத்தனை நாள் ஆகும்?"

எனக்கு விடை தெரியவில்லை. விலங்கியல் பேராசிரியரைக் கைபேசியில் அழைத்துக் கேட்டேன். வெட்டிய இறகு வளராது. அது உதிர்ந்து புது இறகு முளைக்க வேண்டும். அதற்குப் பல மாதம், ஓராண்டு வரைகூட ஆகலாம். நெடுநாள் கூண்டில் இருந்த கிளியைத் திடீரென்று திறந்துவிட்டால் பிழைக்காது. வனத்துறையிடம் கேட்டுச் செய்வதே நல்லது என்று அவர் கூறினார். அப்படியே சொன்னேன். "சரி, அப்பாகிட்ட சொல்றேன்" என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டான். பிறகு என்ன ஆயிற்றென்று எனக்குத் தெரியாது.

நண்பர்களே! தொலைவிலுள்ள ஒரு நாட்டைக் குழந்தைகளுக்குச் சொல்லும்போது பட்டியலிலிருந்து தொடங்காதீர்கள். ஓர் உயிரிலிருந்து தொடங்குங்கள். அதைத் தொடர்ந்து சென்றால் மரமும் மலையும் மழையும் மனிதரும் தாமே வருவர். அச்சுறுத்தித் திருத்த முயலாதீர்கள். அது ஒரு நாள் வருகையைக் குறைக்குமேயன்றி ஒரு கிளியைக் காக்காது. அத்தீவின் ஆசிரியர்களும் வனத்துறையினரும் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுக்கு முன் கண்டறிந்த இந்த உண்மையை, எங்களுக்கு 22 கிலோமீட்டர் தொலைவில் ஒரு பன்னிரண்டு வயதுப் பையன் எனக்கு மறுபடியும் கற்பித்தான்.